பனிக்கட்டி கைவிட்ட காலை

கீழ்ப்பாலத்துப் படிக்கட்டின் அடியில் ஹிஸ்கேயின் வலது கால்தான் உறைந்த கால்வாய்ப் பனிக்கட்டிக்குள் முதலில் போனது. சத்தமே வரவில்லை. பாலில் ஊறிய ரொட்டிக்குள் விரல் இறங்குவதுபோல் கால் இறங்கியது. என்ன ஏது என்று புரிவதற்குள் இடுப்பு போனது, தோள் போனது, வாய்க்குள் தண்ணீர் வந்தது.

ஊரே கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

குளிரில் நெஞ்சு இறுகி மூச்சு உள்ளே வர மறுத்தது. அந்த நிலையிலும் அவளுக்குப் பயம் முதலில் வரவில்லை. 'இது நடக்காது' என்றுதான் தோன்றியது. நேற்று மாலை தன் கையால் துளைபோட்டு, கொக்கி வைத்த அளவுகோலை உள்ளே விட்டு அளந்தவள் அவள். பதினான்கு சென்டிமீட்டர். மாட்டை ஓட்டிக்கொண்டு போகலாம். இரவில் குளிர் இன்னும் கூடியிருந்ததே தவிரக் குறையவில்லை. அப்படியிருக்க அவள் காலடியில் இருந்த பனிக்கட்டி எங்கே போனது?

கழுத்தில் தொங்கிய இரண்டு ஆணிப்பிடிகளையும் உருவி விளிம்பில் குத்தினாள். தண்ணீரில் விழுந்தவர்கள் பனிக்கட்டியில் குத்தி ஏறுவதற்கென்றே உள்ளவை அவை. ஆணி நிற்கவில்லை. விளிம்பு ஈரச் சர்க்கரையாக உதிர்ந்தது. மறுபடி குத்தினாள், மறுபடியும் உதிர்ந்தது. அப்போதுதான் பயம் வந்தது.

கரையிலிருந்து ஏணியைத் தள்ளிக்கொண்டு வயிற்றால் தவழ்ந்து வந்தவன் அவள் கணவன் வோபே. அவன் கணுக்கால் இரண்டையும் தபால்காரன் யெல்மர் பிடித்துக்கொண்டிருந்தான். "பிடி. ஏணியைப் பிடி. என்னைப் பார்க்காத, ஏணியைப் பாரு" என்று வோபே சொல்லிக்கொண்டே இருந்தான். அவன் குரல் அவனுடைய குரல்போலவே இல்லை.

ரைட்வியர் ஊரின் ஐஸ் மேஸ்திரி, தானே அளந்து "தாங்கும்" என்று சொன்ன பனிக்கட்டியில் விழுந்தாள். இப்படி ஒன்றை அந்த ஊர் பார்த்ததே இல்லை.

*

ஐஸ் மேஸ்திரி வேலைக்குச் சம்பளம் கிடையாது. ஆண்டு முழுக்க ஒரு வேலையும் கிடையாது. ஆனால் கால்வாய் உறையத் தொடங்கினால் பஞ்சாயத்துத் தலைவர் பேச்சும் அங்கே எடுபடாது; மேஸ்திரி சொல்வதுதான். அவள் துளைபோட்டு அளக்க வேண்டும். பிறகு, காலையில், சறுக்குக் காலணி கட்டிக்கொண்டு தனியாக முதல் சுற்றுப் போய்வர வேண்டும். அவள் திரும்பி வந்து தலையசைத்தால் கொடி ஏறும். அதுவரை கரையில் நிற்பவர்கள் ஒரு கால்கூட வைக்க மாட்டார்கள். பொறுக்க முடியாத சிறுசுகளை அப்பன்மார் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து வைத்திருப்பார்கள்.

ஹிஸ்கேக்கு முன்னால் அந்த இடத்தில் ஆண்கள்தான் இருந்தார்கள். அவள் பக்கத்து நகரத்துப் பள்ளிக்கூடத்தில் வேதியியல் ஆசிரியை. ஊரில் பாதிப் பேர் அவளிடம் படித்தவர்கள். நாற்பது வயதுக்காரன்கூட அவளைக் கண்டால் டீச்சர் என்பான், வாயில் உள்ள பபிள்கம்மை நாக்குக்கு அடியில் தள்ளுவான்.

அவள் பாடம் எடுப்பதை யாரும் மறந்ததில்லை. மூலக்கூறுகளுக்கு இடையிலான விசைகள் என்று பலகையில் எழுதிவிட்டு, வோபே சிகரெட்டை விட்டபோது அவனிடமிருந்து பிடுங்கிய லைட்டரைத் தூக்கிக் காட்டுவாள்.

"உள்ள இருக்கிறது கேஸ். ஆனா தண்ணி மாதிரி ஆடுது பாருங்க. ஏன்?"

"அமுக்கி வச்சிருக்காங்க டீச்சர்" என்றான் ஒருமுறை, அப்போது மாணவனாக இருந்த யெல்மர்.

"உன்னையும் பக்கத்தில இருக்கிறவனையும் ஒரே பெஞ்சில அமுக்கினா ஒட்டிக்குவீங்களா?"

"இவன்கூடவா? செத்தாலும் மாட்டேன்."

"பார்த்தியா? ஒட்டணும்னா ஒரு இழுப்பு வேணும். இந்த மூலக்கூறுகளுக்குச் சொந்தமா பிளஸ், மைனஸ் எதுவும் கிடையாது. ஆனா உள்ள எலெக்ட்ரான் சும்மா இருக்காது. தற்செயலா ஒரு பக்கமா கூடிரும். அந்த நொடி பக்கத்தில இருக்கிறதும் சாயும். அடுத்த நொடி மறந்துரும். ரயில்ல நின்னுட்டு வர்ற ஆளுங்க மாதிரி. வண்டி குலுங்கினா தோள்மேல சாய்வோம், இறங்கினதும் நீ யாரோ நான் யாரோ. எல்லா மூலக்கூறுக்கும் இது உண்டு. சின்னதுக்குக் கொஞ்சம், பெருசுக்கு நிறைய. அதனாலதான் லைட்டர் கேஸ் பறந்துருது, மெழுகுவர்த்தி உக்காந்திருக்கு."

பிறகு நகப்பூச்சு அழிக்கும் திரவத்தை ஒரு சொட்டு, தண்ணீரை ஒரு சொட்டு என்று பிள்ளைகளின் புறங்கையில் விடுவாள். முதல் சொட்டு ஊதுவதற்குள் காணாமல் போகும். தண்ணீர் அசையாமல் உட்கார்ந்திருக்கும்.

"ரெண்டுமே ஒரு முனை பிளஸ், ஒரு முனை மைனஸ் உள்ள ஜாதிதான். முனையைப் பார்த்து முனை திரும்பும், ஒட்டும். அது ரயில் சாய்வு மாதிரி வந்துட்டுப் போறதில்ல, நிலையானது. அப்புறம் ஏன் இது பறக்குது, அது உக்காந்திருக்கு? தண்ணியில ஹைட்ரஜன் இருக்கே, அது ஆக்சிஜன்கிட்ட எலெக்ட்ரானைப் பறிகொடுத்துட்டு வெறுங்கையா நிக்குது. பக்கத்து ஆக்சிஜனைப் பார்த்ததும் கையை நீட்டிப் பிடிச்சுக்கும். அதுதான் ஹைட்ரஜன் பிணைப்பு. தண்ணி கொதிக்கும்போது என்ன உடையுது?"

"மூலக்கூறு டீச்சர்."

"பூஜ்யம். மூலக்கூறு உடையாது. கைதான் விடும். ஆவியிலயும் தண்ணி தண்ணிதான்."

பரீட்சையில் இந்த ஒரு தவறுக்கு அவள் இரக்கமே காட்டியதில்லை.

உறையும்போது அந்தக் கைகள் எல்லாம் நீட்டிய நீளத்துக்கு விறைத்துக்கொண்டு ஆறு மூலை அறைகளாக நிற்கும் என்பாள். இடம் அதிகம் பிடிக்கும், அதனால்தான் பனிக்கட்டி மிதக்கிறது. மிதக்காவிட்டால் கால்வாய் அடியிலிருந்து உறைந்து மேலே வந்திருக்கும், நம் ஊரில் ஒரு மீன் மிஞ்சியிருக்காது என்பாள். சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமை தெரியும், தன் வீட்டுப் பிள்ளையைப் பற்றிப் பேசுவதுபோல.

மனிதர்களைப் பற்றி அவள் அப்படிப் பேசி யாரும் கேட்டதில்லை. அவள் சிறுமியாக இருந்தபோது அவளுடைய அப்பா கனடாவுக்குப் போனார். மாடு வாங்கிவிட்டு உங்களை அழைத்துக்கொள்கிறேன் என்றார். அழைக்கவில்லை. அம்மா ஆண்டுக்கணக்காகப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலேயே வைத்திருந்தாள். "ஆளுங்க எப்ப வேணா கையை விடுவாங்க. பூஜ்யத்துக்குக் கீழ தண்ணி விடாது" என்று ஹிஸ்கே ஒருமுறை சோம்பு போட்ட சூடான பால் குடித்துக்கொண்டே சொன்னது ஊரில் பலருக்கும் நினைவிருக்கிறது.

வோபேயை அவள் கட்டிக்கொண்டது ஊருக்குப் பெரிய தமாஷ். அவன் பக்கத்து மாகாணத்துக்காரன், சறுக்குக் காலணியில் கால் நுழைத்ததே இல்லை. நகராட்சியில் சாலை வேலை. குளிர்காலத்தில் உப்பு லாரி ஓட்டுகிறவன். "ஒருத்தி உறையட்டும்னு வேண்டிக்கிறா, ஒருத்தன் உருக்கிட்டு வர்றான். சாப்பாட்டு மேசையில கோடு போட்டு உக்காருவீங்களா?" என்று சூப் கடை ஆல்ச்சே கேட்பாள். வோபே சிரித்துக்கொள்வான். "வெளியிலதான் சண்டை. வீட்டுல ஹீட்டர் இருக்கு" என்பான்.

*

சறுக்குச் சங்கத்துக் குடிசைக்குள் கொண்டுபோய், ஈரத்துணியைக் கழற்றி, மூன்று கம்பளிக்குள் அவளைச் சுருட்டி அடுப்பருகே உட்கார வைத்தார்கள். பல் அடித்துக்கொள்வதை அவளால் நிறுத்த முடியவில்லை. வெளியே கூட்டத்தின் முணுமுணுப்பு சுவர்வழியே கேட்டது. எத்தனையோ குளிர்காலம் வெறும் மழையாகவே போய், இந்தப் பிப்ரவரியில்தான் ஊர்ச் சுற்றுக்கு வழி பிறந்திருந்தது. ஏரி தாண்டிப் பக்கத்து ஊர்கள்வரை போய்த் திரும்பும் சறுக்கு ஓட்டம். பட்டாணி சூப் அண்டாவில் கொதித்துக்கொண்டிருந்தது. சர்க்கரை ரொட்டி வெட்டி அடுக்கியாகிவிட்டது.

சங்கத் தலைவர் டூர்க் தொப்பியைக் கையில் வைத்துச் சுழற்றிக்கொண்டே முன்னால் நின்றார்.

"பதினாலுன்னு சொன்னே ஹிஸ்கே."

"பதினாலுதான்."

"பதினாலு இருந்தா நீ இப்ப இங்க கம்பளிக்குள்ள உக்காந்திருக்க மாட்டே."

"முதல்ல அவ பல்லு அடிக்கிறது நிக்கட்டும்" என்றாள் ஆல்ச்சே அகப்பையோடு. "அப்புறம் உன் விசாரணையை வச்சுக்கோ."

"நான் என்ன ஆசைப்பட்டா கேக்குறேன்? நாளன்னைக்கு மழைங்கிறான். பக்கத்து ஊர்க்காரன் போன் மேல போன் போடுறான், உங்க பக்கம் சரியில்லன்னா நாங்க வழியை மாத்திக்கிறோம்னு. வெளியில நிக்கிறவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

கதவோரத்தில் யாரோ தாழ்ந்த குரலில் சொன்னார்கள். "வயசாச்சு. அளவுகோலைத் தலைகீழாப் பிடிச்சிருப்பா."

அது அவள் காதில் விழுந்தது. சொன்னது யார் என்று திரும்பிப் பார்க்கவில்லை. ஒருவேளை உண்மையாக இருக்குமோ என்று தோன்றியது. அவள் அளந்தது அவளுக்கு நினைவிருந்தது. குளிர் தொடங்கியதிலிருந்தே காய்ந்து வெடித்திருந்த விரல், அளவுகோலின் கோடு, பதினான்கு. ஆனால் விளிம்பு உதிர்ந்ததும் நினைவிருந்தது. இரண்டும் ஒரே உலகத்தில் நடந்திருக்க முடியாது. ஒரே தண்ணீர், ஒரே குளிர். அப்படியிருந்தால் ஒரே பலம்தான். இத்தனை ஆண்டுகள் அவள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததில் எந்த வரி தப்பு?

உதட்டை நக்கினாள். கரித்தது.

"ஆல்ச்சே, என் உதட்டில ரத்தம் வருதா?"

ஆல்ச்சே குனிந்து பார்த்தாள். "இல்லையே. நீலமா இருக்கு, அவ்வளவுதான்."

ஹிஸ்கே புறங்கையால் துடைத்துப் பார்த்தாள். சிவப்பே இல்லை. ஈரக் கூந்தலின் ஒரு நுனியை வாயில் வைத்துப் பார்த்தாள். அதுவும் கரித்தது. கால்வாய்த் தண்ணீரில் சேறு மணக்கும், வாத்து மணக்கும். கரித்து அவள் ஒருநாளும் கண்டதில்லை.

அந்த நேரத்தில்தான் வோபே உள்ளே வந்தான். முழங்கால்வரை நனைந்திருந்தது. கையில் காலி வாளி. அவளைப் பார்த்ததும் முகம் கலங்கி, பிறகு ஏதாவது உருப்படியாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றியவன்போல் வேகமாகப் பேசினான்.

"அங்க படியெல்லாம் நீ ஏறினப்ப சிந்தின தண்ணி. மறுபடியும் உறைஞ்சு கண்ணாடியாட்டம் இருக்கு. ஏணி தூக்க வந்த பசங்க வழுக்கி மண்டையை உடைச்சுக்கப் போறானுங்கன்னு இன்னொரு வாளி போட்டுட்டு வந்தேன்."

"இன்னொரு வாளி என்ன?" என்றார் டூர்க்.

"உப்புதான். வேற என்ன?"

ஆல்ச்சேயின் அகப்பை அண்டாவுக்குள் நின்றது. யெல்மர் ஒரு சிரிப்புச் சிரித்தான்; சிரித்த வேகத்தில் வாயைப் பொத்திக்கொண்டான்.

வோபே எல்லாருடைய முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தான். "என்ன? படியிலதான் போட்டேன். மரத்தில. ஐஸ் பக்கம் ஒரு கல்லு விழல. கையால எடுத்து எடுத்து வச்சேன்."

"எப்பலேர்ந்து வோபே?" ஹிஸ்கேயின் குரல் மிக அமைதியாக இருந்தது.

"உறைய ஆரம்பிச்ச நாள்லேர்ந்து. தினம் சாயங்காலம், வேலை முடிஞ்சு வரும்போது. போன தடவை ஐஸ் பிடிச்சப்ப அந்தப் படியிலதானே விழுந்து மணிக்கட்டை உடைச்சுக்கிட்டே? இந்த வருஷம் அப்படி ஆகக்கூடாதுன்னு..." அவன் நிறுத்தினான். சொல்லும்போதே அவனுக்குப் புரியத் தொடங்கியது. வாளியைத் தரையில் வைத்தான். வைத்த வாளியைப் பார்த்தபடியே நின்றான்.

"உருகினது எங்க போகும்னு நினைச்சே?" என்றார் டூர்க். குரல் உயரவில்லை, உயர்ந்திருந்தால் தேவலை. "மரம் குடிச்சிரும்னா?"

"நான் ரோடுக்காரன். ரோட்டில போட்டா சாக்கடைக்குப் போயிரும். இங்க... நான் யோசிக்கல."

ஊரில் எல்லாருக்கும் தெரியும், படிக்கு மணல்தான் போடுவார்கள், இல்லாவிட்டால் வைக்கோல். பிறந்த பிள்ளைக்குத் தெரியும். தெரியாத ஒரே மனிதன் ஐஸ் மேஸ்திரியின் வீட்டில், அவள் பக்கத்தில், இருபத்தைந்து ஆண்டுகளாகப் படுத்து எழுந்திருக்கிறான்.

ஹிஸ்கேக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. அவளுக்குள் நடந்தது வேறு. அளவு சரிதான் என்று ஒரு பக்கம் நெஞ்சு தளர்ந்தது. தளர்ந்த அதே இடத்தில் இன்னொரு அதிர்ச்சி புகுந்தது. தன் மணிக்கட்டுக்காக, ஒவ்வொரு மாலையும், வீட்டுக்கு வருவதற்கு முன்னால், தன்னிடம் சொல்லாமல், இந்த மனிதன் குனிந்து குனிந்து படிக்கட்டுக்கு உப்பு வைத்திருக்கிறான். தன்னைக் கொன்றிருப்பான். இரண்டும் ஒரே கைதான். அவள் அவனைப் பார்த்தாள், பிறகு பார்க்க முடியவில்லை.

"எனக்கு ஒண்ணு புரியல டீச்சர்" என்றான் யெல்மர். "உப்பு ஐஸை உருக்கும், சரி. ஆனா வெளியில மைனஸ் ஆறு. அவ்வளவு குளிர்ல எப்படி?"

கேள்வி என்று வந்துவிட்டால் அவளால் பதில் சொல்லாமல் இருக்க முடியாது. பல் அடித்துக்கொண்டே சொன்னாள்.

"பிறந்தநாள் வீட்டில வட்டமா நாற்காலி போட்டு உக்காந்திருக்கோம்ல. எல்லாரும் கையைப் பிடிச்சுக்கிட்டு இருக்காங்கன்னு வச்சுக்கோ. அதுதான் ஐஸ். அப்ப டிவியில வர்ற ஆள் ஒருத்தன் உள்ள வர்றான். என்ன ஆகும்?"

"எல்லாரும் எழுந்து அவனைச் சுத்திக்குவாங்க."

"வட்டம்?"

"போச்சு."

"உப்பு தண்ணியில கரைஞ்சா அப்படித்தான். அது முழு பிளஸ்ஸா, முழு மைனஸ்ஸா பிரிஞ்சு நிக்கும். தண்ணிக்கு இருக்கிறதோ முனையில கொஞ்சம் பிளஸ், கொஞ்சம் மைனஸ். முழுசாக் கண்டா விடுமா? ஒவ்வொரு உப்புத் துகளையும் மொய்ச்சிரும். மொய்ச்சுக்கிட்டிருக்கிறது நாற்காலிக்குத் திரும்பி வந்து உக்காரணும்னா மைனஸ் ஆறு போதாது. ரொம்பக் கீழ போகணும்." அவள் மூச்சு வாங்கினாள். "மேல பனித்தூள் மூடியிருந்துச்சு. பார்த்தா எல்லாம் ஒண்ணுபோல இருந்துச்சு. நான் எப்பவும் நடுவில, படிக்குத் தள்ளித்தான் துளைபோடுவேன்."

"அப்ப மத்த இடமெல்லாம் நல்ல ஐஸ்?" டூர்க்கின் தொப்பி சுழல்வது நின்றது. "கொடி ஏத்தலாமா?"

"தெரியாது."

"ஹிஸ்கே."

"தெரியாதுன்னா தெரியாது. உப்புத் தண்ணி பனித்தூளுக்கு அடியில எவ்வளவு தூரம் ஓடியிருக்குன்னு எனக்குத் தெரியாது. அளவுகோல் அதைச் சொல்லாது. பதினாலு சென்டிமீட்டர் கெட்ட ஐஸும் பதினாலுதான் காட்டும்."

"அப்ப எது சொல்லும்?"

அவள் கம்பளியிலிருந்து கையை வெளியே எடுத்து, நாக்கை நீட்டித் தொட்டுக் காட்டினாள்.

*

ரைட்வியர்க்காரர்கள் அன்று முற்பகலில் செய்ததைப் பக்கத்து ஊரில் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். வயிற்றுக்குக் கீழே ஏணியையும் பலகையையும் போட்டுக்கொண்டு, கரையிலிருந்து இடுப்பில் கயிறு கட்டி, வளர்ந்த மனிதர்கள் கால்வாயில் தவழ்ந்து தவழ்ந்து துளைபோட்டார்கள். துளையிலிருந்து வந்த தூளை நாக்கில் வைத்தார்கள். வைத்துவிட்டுக் கரையைப் பார்த்துக் கத்தினார்கள்.

"கரிக்குது."

"கரிக்கல."

"லேசாக் கரிக்குது. இல்ல, நான் சாப்பிட்ட மீனா இருக்கும்."

"போய் வாயைக் கொப்பளிச்சிட்டு வாடா" என்றாள் ஆல்ச்சே, கரையில் வெந்நீர்க் குடுவையோடு நின்றபடி.

"டீச்சர், இங்க மஞ்சளா இருக்கு. நாய் போன இடம்போல" என்றான் யெல்மர்.

"அதுவும் உப்புதான். தள்ளிப் போய்ப் பாரு."

ஹிஸ்கே இரவல் கோட்டுக்குள் நின்று ஒவ்வொரு குரலுக்கும் தலையசைத்துக்கொண்டிருந்தாள். கரித்த இடங்களின் ஓரத்தில் வில்லோ மரக் குச்சிகளை நட்டார்கள். கெட்ட பகுதி பாலத்தடியிலிருந்து ஒரு மாட்டுக்கொட்டகை அளவுக்கு நாக்குப்போல் நீண்டு அதோடு முடிந்தது. அதற்கப்பால் யார் நாக்குக்கும் எதுவும் தட்டுப்படவில்லை. அங்கே அவள் தானே குனிந்து துளைபோட்டு அளந்தாள். பதினைந்து காட்டியது. டூர்க்கையும் அளக்கச் சொன்னாள். அவருக்கும் பதினைந்து.

கரையேறும் இடத்தைத் தோப்புப் பக்கத்துப் படிக்குத் தள்ளிவைத்து, அதில் மணல் போட்டார்கள். சறுக்குக் காலணியின் கத்தி மழுங்காமல் நடந்து பாலத்தைச் சுற்றிப்போக நீளமாகக் கம்பளம் வேண்டும். வோபே வீட்டுக்குப் போய், கூடத்துக் கம்பளத்தையும் படுக்கையறைக் கம்பளத்தையும் உருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வந்து விரித்தான். யாரும் அவனிடம் பேசவில்லை. ஒதுக்கிவைத்தார்கள் என்று சொல்ல முடியாது. என்ன பேசுவது என்று யாருக்கும் தெரியவில்லை.

மதியம் ஆனது. மேற்கே மேகம் கட்டத் தொடங்கியது.

"இனி உன் சுற்றுதான் பாக்கி" என்றார் டூர்க். இந்த முறை மெதுவாகத்தான் சொன்னார். "நீ போய்ட்டு வந்து தலையசைச்சா கொடி ஏத்துறேன். நீ போகலேன்னா நான் யாரையும் குறை சொல்ல மாட்டேன்."

ஹிஸ்கே சறுக்குக் காலணியைக் கட்டினாள். கரையின் விளிம்புக்கு வந்தாள். கண்ணெதிரே பதினைந்து சென்டிமீட்டர். அவளே அளந்தது, இன்னொருவர் சரிபார்த்தது, ஊரே ருசி பார்த்தது. அந்தக் கைகள் ஒன்றையொன்று எப்படிப் பிடித்துக்கொண்டிருக்கின்றன, ஒன்றை விடுவிக்க எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்று எண்ணிக்கையாகவே அவளால் சொல்ல முடியும். வலது காலைத் தூக்கு என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். கால் எழவில்லை.

மறுபடி சொன்னாள். அப்போதும் அசையவில்லை. அவள் தன் காலைக் குனிந்து பார்த்தாள், வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோல. தெரிந்ததெல்லாம் தலையிலேயே நின்றுவிட்டது, இடுப்புக்குக் கீழே ஒரு வார்த்தையும் இறங்கவில்லை. கூட்டம் அதைப் பார்த்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது.

"நகரு" என்றான் வோபே பின்னாலிருந்து.

அவள் திரும்புவதற்குள் அவன் அவளைத் தாண்டி, சாலை வேலைக்குப் போடும் கனத்த பூட்ஸோடு பனித்தளத்தில் இறங்கிவிட்டான்.

"வோபே, நீ மேஸ்திரி இல்ல. ஏறு மேல."

"இல்லதான். ஆனா இந்த ஊர்ல என்னைவிடக் கனமானவன் இருந்தா வரச்சொல்லு."

கரையில் யாரோ தன்னை அறியாமல் சிரித்தார்கள். வோபே கைகளை இரு பக்கமும் விரித்துக்கொண்டு வாத்துபோல் நடந்தான். வழுக்கினான், சமாளித்தான். நடுக் கால்வாய்க்குப் போனான். அப்போது பனித்தளம் குரல் கொடுத்தது. ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை யாரோ பெரிய இரும்புக் கம்பியை மீட்டியதுபோல் நீளமாக ஓர் ஓசை அவன் காலுக்கு அடியில் ஓடியது.

வோபே நின்றான். முகம் சாம்பலானது. ஒரு காலைத் தூக்கியபடியே நின்றான், இறக்கவும் பயம், தூக்கி வைத்திருக்கவும் பயம்.

"அது நல்ல சத்தம்" என்று ஹிஸ்கே கத்தினாள். "கனமான ஐஸ் அப்படித்தான் பாடும். இறுகுது, அவ்வளவுதான். காலைக் கீழ வை."

அவன் காதில் எதுவும் ஏறவில்லை. ஐஸ்காரியின் வீட்டில் இத்தனை ஆண்டுகள் இருந்தும் அந்த ஓசையை அவன் கால் முதல்முறையாகக் கேட்கிறது. அவன் அவளைப் பார்த்தான். ஒற்றைக் காலில் ஆடினான். அந்த உடம்பு அப்படியே பின்பக்கமாக விழுந்தால் மண்டை தாங்காது.

ஹிஸ்கே எப்போது இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. காலடியில் கத்தி உரசும் ஓசை கேட்ட பிறகுதான், தான் கால்வாயில் இருக்கிறோம் என்று உணர்ந்தாள். நாலு வீச்சில் அவனிடம் போய்ச் சட்டைக் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"கீழ வை காலை."

வைத்தான்.

"மூச்சு விடு."

விட்டான். "உடையப் போகுதுன்னு நினைச்சேன்" என்றான். "காலையில உனக்கு இப்படித்தான் இருந்துச்சா?"

"காலையில எனக்கு எந்தச் சத்தமும் வரல."

அவன் கண்ணிலிருந்து நீர் வழிந்து தாடியில் நின்றது. அவள் அதைத் துடைக்கவில்லை. அவன் கையை விடவும் இல்லை. இங்கே நின்றால் தன் கால் மறுபடி மறந்துபோகும் என்று தோன்றியது.

"பூட்ஸைத் தூக்காத. சும்மா நில்லு, இழுத்துட்டுப் போறேன்" என்றாள்.

முதல் சுற்றைத் தனியாகப் போவதுதான் வழக்கம். டூர்க் வாய் திறக்கப் போனார். ஆல்ச்சே அவர் விலாவில் இடித்தாள். ஹிஸ்கே குனிந்து, ஒரு கையைப் பின்னால் விட்டு, அந்தப் பெரிய உடம்பை இழுத்துக்கொண்டு குச்சி நட்ட எல்லையை ஒட்டி, தோப்பைத் தாண்டி, கம்பளம் விரித்த இடம்வரை போனாள். வளைந்து மறுகரையோரமாகத் திரும்பினாள். பனித்தளம் இன்னும் இரண்டு முறை பாடியது. ஒவ்வொரு முறையும் அவன் பிடி இறுகுவது அவள் மணிக்கட்டில் வலித்தது.

கரையருகே வந்ததும் டூர்க்கைப் பார்த்துத் தலையசைத்தாள்.

அவிழ்த்துவிட்ட கன்றுகள்போல் பிள்ளைகள் இறங்கினார்கள். அப்பன்மார் இறங்கினார்கள். யெல்மர் இரண்டு பேரையும் உரசிக்கொண்டு பறந்தான். "டீச்சர், உங்க வண்டி ஓவர்லோடு" என்று திரும்பிப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனான்.

வோபே இன்னும் முழங்கால் மடங்கியபடி நின்றான். "ஹிஸ்கே, வீட்டில உப்பு இன்னும் ரெண்டு மூட்டை இருக்கு."

"சமையலுக்கு ஆகுமா?"

"ஆகாது. ரோட்டு உப்பு."

"அப்ப எனக்குச் சொல்லாத" என்றாள். "படி ஏறு. மெதுவா. மணல் போட்டிருக்கு."